ஏர்கான் ஓடுகிறது, பில் எகிறுகிறது: எங்கே பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, கேஸ் தீந்துபோச்சு போல. குளிரவே இல்ல, பில்லு மட்டும் ஏறுது. வந்து ஊத்திட்டுப் போயேன்." போய்ப் பார்த்தால் கேஸ் அப்படியே இருக்கும். ஃபில்டரில்தான் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். கழற்றிக் குளியலறையில் கழுவி மாட்டினால் வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் 16 வருஷமாக ஏர்கான் வேலை பார்க்கிறேன். ஏர்கான் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் ஊற்றினால் சில மாதத்தில் மறுபடியும் அதே போன் வரும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால்தான் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பர்ஸைப் பதம் பார்ப்பது கடைசியில் வரும். விலைகள் நான் அன்றாடம் பார்க்கும் தோராயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். பொருள் சேவை வரியோடு ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட்-மணி மின்சாரம்) ஏறக்குறைய 30 காசு என்று வையுங்கள். படுக்கையறை ஏர்கான் ஒன்று இரவு எட்டு மணி நேரத்தில் 4 யூனிட் இழுத்தால் மாதம் 36 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதே ஏர்கான் அழுக்கேறி 8 யூனிட் இழுத்தால் 72 வெள்ளி. மின்விசிறி அதே எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட இழுக்காது.

## பில் ஏறிவிட்டது, ஆனால் ஏர்கான் நன்றாகவே குளிர்கிறது

ஏறியது மின்சாரம்தானா? சிரிக்காதீர்கள், பலர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு ஏர்கான்காரனுக்குப் போன் போடுகிறார்கள். மின்கட்டணம் வசூலிக்கும் எஸ்பி குழுமத்தின் பில்லில் தண்ணீர், குப்பைக் கட்டணம், சில வீடுகளில் எரிவாயு எல்லாம் சேர்ந்தே வரும். தண்ணீர் விலை 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் இரண்டு முறை ஏறியது. பில்லில் மின்சாரத்துக்கு நேரே இருக்கும் யூனிட் எண்ணை மட்டும் போன வருஷம் இதே மாதத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். டிசம்பர் மழையையும் ஏப்ரல் வெயிலையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஏறியது தண்ணீர் என்றால் கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று பாருங்கள், எனக்குப் போன் வேண்டாம்.

அளந்த கணக்கா, உத்தேசக் கணக்கா? பழைய மீட்டர் இருக்கும் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நேரில் வந்து அளவெடுப்பார்கள். இடைப்பட்ட மாதம் உத்தேசம். உத்தேசம் குறைவாகப் போயிருந்தால் அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து விழும். நீங்களே மீட்டரைப் பார்த்து எஸ்பி செயலியில் எண்ணை அனுப்பலாம்.

இரவுச் சோதனை. எண் உண்மையிலேயே ஏறியிருந்தால் இதைச் செய்யுங்கள். படுக்கப் போகும்போது மீட்டர் எண்ணைக் கைபேசியில் படம் எடுங்கள். ஒரே ஒரு அறையில் ஏர்கானை 25 டிகிரியில் போட்டுத் தூங்குங்கள். காலையில் சுடுதண்ணீர் ஹீட்டரைத் தொடும் முன்பு மறுபடி படம் எடுங்கள். புது மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு இந்தச் சிரமம் இல்லை, செயலியிலேயே அரைமணிக்கு ஒரு கணக்கு தெரியும்.

ஐஸ்பெட்டிக்கு அரை யூனிட் கழியுங்கள். மீதி 3 முதல் 5 வரை இருந்தால் இன்வெர்ட்டர் ஏர்கானுக்கு (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) சரியான அளவு. பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏர்கான் என்றால் 7 வரைகூடப் போகும். அதற்கு மேலே போனால் கோளாறு ஏர்கானிலோ அறையிலோ இருக்கிறது, கீழே படியுங்கள். கம்மியாக இருந்தால் ஏர்கான் குற்றவாளி இல்லை. ஹீட்டர், ரப்பர் தளர்ந்த பழைய ஐஸ்பெட்டி, நாளெல்லாம் ஓடும் ஈரமுறிஞ்சி, இவற்றில் தேடுங்கள்.

எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள்? 16ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். நடுராத்திரி போர்வையை இழுத்து மூடுகிறீர்கள் என்றால் அந்தக் குளிருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போர்வைக்கும் காசு கொடுக்கிறீர்கள். 25ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியமும் 25 என்றுதான் சொல்லி வருகிறது.

குளிர் வெளியே ஓடுகிறதா? ஒரு ஊதுபத்தி போதும். ஏர்கான் ஓடும்போது அறைக் கதவின் அடியில், ஜன்னல் ஓரத்தில், அறையோடு ஒட்டிய குளியலறைக் கதவு இடுக்கில் புகையைக் காட்டுங்கள். புகை ஒரு பக்கமாக இழுபட்டால் அங்கே சந்து இருக்கிறது. கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். தெம்பனிஸில் ஒரு ஆசிரியை வீட்டில் குளியலறையின் காற்றுப்போக்கி விசிறி இரவெல்லாம் ஓடியது. படுக்கையறையில் குளிர வைத்த காற்றை அது உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு சுவிட்சை அணைத்ததுதான் அன்றைக்கு நான் செய்த பழுதுபார்ப்பு. காசு வாங்க மனசு வரவில்லை. அக்கா விடாமல் தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பினார்.

மேற்குப் பார்த்த அறை என்றால் மதியம் இரண்டு மணிக்கே திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். மாலை வெயில் ஏறிய கான்கிரீட் சுவர் இரவு பதினோரு மணி வரை சூட்டைக் கக்கும். அதற்கு எந்த ஏர்கான்காரனாலும் மருந்து கொடுக்க முடியாது.

## ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் ஏமாற்றப்படும் இடமும் இதுதான். ஆகவே நிதானமாகப் பாருங்கள்.

முதல் கேள்வி: எல்லா அறையிலும் இப்படியா, ஒரே அறையிலா? நம் வீடுகளில் பெரும்பாலும் வெளியே ஒரு கம்ப்ரஸர், உள்ளே இரண்டு மூன்று யூனிட் என்று இருக்கும். ஒரே ஒரு அறை மட்டும் குளிரவில்லை என்றால் அந்த அறையின் உள்யூனிட்டில் தொடங்குங்கள். எல்லாம் குளிரவில்லை என்றால் வெளியே இருப்பதில் தொடங்குங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போன் செய்தால் வருகிறவனுக்கும் பாதி வேலை மிச்சம்.

ரிமோட். பனித்துகள் படம் தெரிகிறதா? விசிறிப் படமோ தண்ணீர்த் துளிப் படமோ இருந்தால் யாரோ பொத்தானை மாற்றிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோன மறுநாள் இந்தப் போன் கட்டாயம் வரும்.

ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி இரண்டு தட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியவில்லை என்றால் கழுவ வேண்டும். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுங்கள், நிழலில் காய வைத்து மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூனை இருக்கும் வீடு, சாலை ஓரத்து வீடு, புகைமூட்டக் காலம் என்றால் வாரம் ஒருமுறை.

வெளியூனிட்டுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா? கம்ப்ரஸர் வீட்டுச் சூட்டை வெளியே கொட்டும் இடம். முன்னால் எதையாவது அடைத்து வைத்தால் கொட்டிய சூட்டையே திரும்ப இழுக்கும். செங்காங்கில் ஒரு வீட்டில் ஏர்கான் மேடையில் கருவேப்பிலைத் தொட்டி, மடக்கிய துணிக்கொடி, அதன்மேல் பழைய பாய் என்று ஒரு கண்காட்சியே இருந்தது. எடுத்துப்போட்ட பத்தே நிமிடத்தில் மூன்று அறையும் குளிர ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகக் கை நீட்டி எடுக்க முடிந்ததை மட்டும் எடுங்கள். மேடையில் இறங்காதீர்கள், கம்பியைத் தாண்டி உடம்பை நீட்டாதீர்கள். அது எங்கள் வேலை. நாங்களே பாதுகாப்புக் கயிறு மாட்டாமல் இறங்குவதில்லை.

வெப்பமானிச் சோதனை. பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் சின்ன வெப்பமானி போதும். ஏர்கானை முழு விசிறி வேகத்தில், 18 டிகிரியில் 15 நிமிடம் ஓட விடுங்கள். சோதனைக்காக மட்டும்தான் 18. மேலே காற்றை இழுக்கும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வரும் வாயில் ஒரு அளவு எடுங்கள்.

- வித்தியாசம் 8 டிகிரிக்கு மேல், காற்றும் பலமாக வருகிறது: ஏர்கான் நன்றாக இருக்கிறது. அறைக்குத்தான் சூடு அதிகம், அல்லது அறையின் அளவுக்கு ஏர்கான் சின்னது. மேலே சொன்ன ஊதுபத்திக்கும் திரைச்சீலைக்கும் போங்கள்.
- 3 முதல் 8: அழுக்கு, அல்லது கேஸ் கசிவு. தொடர்ந்து படியுங்கள்.
- வித்தியாசமே இல்லை: கம்ப்ரஸர் ஓடவில்லை. கீழே "கம்ப்ரஸரே ஓடவில்லையா?" என்று தொடங்கும் பத்திக்குப் போங்கள்.

உள்ளே அழுக்கா? ஃபில்டரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும். வெள்ளியாக மின்னினால் சரி. சாம்பல் நிறத்தில் மெழுகியது போல இருந்தால் காற்று உள்ளே போகவே வழியில்லை. பிறகு, மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காற்று வரும் வாயைத் திறந்து உள்ளே இருக்கும் உருளை விசிறியைப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்புப் பிசுக்கு ஏறியிருந்தால் விசிறி சுற்றும், காற்று வராது.

நம் வீடுகளில் இது சீக்கிரம் வருவதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று தாளிப்பும் பொரிப்பும். தீபாவளிப் பலகாரம் சுடும் வாரத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்தி வையுங்கள். எண்ணெய்ப் புகை தகட்டில் படிந்தால் அதன்மேல் தூசி பசை போட்டது போல ஒட்டும். இன்னொன்று சாம்பிராணி. வெள்ளிக்கிழமை போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஏர்கானை அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள், புகை அடங்கியபின் ஓட்டுங்கள்.

லேசான அழுக்குக்கு வழக்கமான சர்வீஸ் போதும், ஒரு யூனிட்டுக்கு 30 முதல் 50 வெள்ளி. பிசுக்கு ஏறியிருந்தால் கெமிக்கல் வாஷ், ஏறக்குறைய 80 முதல் 150. ஒவ்வொரு சர்வீஸுக்கும் கெமிக்கல் வாஷ் செய்யச் சொல்பவரிடம் "தகட்டைக் காட்டுங்க" என்று டார்ச்சை நீட்டுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரேயை வாங்கி நீங்களே அடிக்காதீர்கள். பாதி அழுக்கு கரைந்து வடிகால் குழாயில் போய் உட்காரும், அடுத்த வாரம் தண்ணீர் சொட்டும்.

கேஸ் கசிவா? இங்கே வந்து சேரும்போதுதான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். அழுக்கு இல்லை, வித்தியாசம் 8 டிகிரிக்குக் கீழே, தகட்டின் ஒரு பகுதி மட்டும் பனி கட்டுகிறது அல்லது ஒரு பகுதி மட்டும் குளிர்கிறது, செப்புக் குழாய் இணையும் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கசிவுதான். இதை நீங்கள் தொட முடியாது. ஆனால் வருகிறவரிடம் நான்கு கேள்வி கேட்கலாம்.

கசிவு எங்கே என்று சோதித்தீர்களா, நைட்ரஜன் அடித்துப் பார்த்தீர்களா? அடைத்தபின் வேக்யூம் பம்ப் போட்டுக் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பீர்களா? கேஸைத் தராசு வைத்து எடை பார்த்து ஏற்றுவீர்களா? வெளியூனிட்டின் ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. இப்போது வரும் மாடல்களில் பெரும்பாலும் ஆர்32, சற்றுப் பழையவற்றில் ஆர்410ஏ. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக்கூடாது. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. ஆகவே சிகரெட்டோடு வேலை செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேஸ் ஏற்றுவதற்கு மட்டும் 80 முதல் 150 வெள்ளி வரை கேட்பார்கள். உள்யூனிட் நட்டில் கசிவு என்றால் சுலபம். சுவருக்குள்ளோ டிரங்கிங்குக்குள்ளோ (குழாய்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) குழாய் அரித்திருந்தால் செலவு பல நூறு போகும். அந்த நிலையில் ஏர்கானின் வயதைப் பாருங்கள்.

கம்ப்ரஸரே ஓடவில்லையா? உள்ளே காற்று வருகிறது, வெளியே சத்தமே இல்லை. ஐசொலேட்டர் சுவிட்சை (ஏர்கானுக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி சுவிட்ச்) அணைத்து 10 நிமிடம் கழித்துப் போடுங்கள், சுவிட்ச்போர்டில் ஏதாவது சுவிட்ச் தானாக அணைந்து விழுந்திருக்கிறதா பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாத பழைய யூனிட் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றால் கப்பாசிட்டராக இருக்கலாம், மலிவான சாமான். இன்வெர்ட்டர் என்றால் மின்பலகையைச் சந்தேகிப்பேன். கம்ப்ரஸர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரை வைத்து உறுதி செய்யாமல் தலையாட்டாதீர்கள்.

பத்து வருஷம் தாண்டிய யூனிட்டில் கம்ப்ரஸரோ மின்பலகையோ போனால் நான் பழுதுபார்க்கச் சொல்வதில்லை. மின்சேமிப்பு லேபிளில் 5 டிக் உள்ள யூனிட்டாகப் பார்த்து மாற்றிவிடச் சொல்வேன். சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகளுக்கு 2024ல் 300 வெள்ளியும் 2025ல் மேலும் 100 வெள்ளியும் தந்த பருவநிலை வவுச்சர் இன்னும் உங்கள் கணக்கில் கிடக்கலாம், அது 5 டிக் ஏர்கானுக்குச் செல்லும். வீவகவின் விதிப்படி பயிற்சி பெற்ற நிறுவுநர்தான் பொருத்த வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியும் என்றெல்லாம் இதில் வேண்டாம்.

## தகட்டிலோ குழாயிலோ பனி கட்டுகிறது

பனி கட்டினால் நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். பனி ஒரு போர்வை. அது மூடியபின் காற்று உள்ளே போகாது, மின்சார மீட்டர் மட்டும் ஓடும்.

குளிரை அணைத்துவிட்டு விசிறி மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். கீழே ஒரு வாளி வையுங்கள். கத்தி, ஸ்பூன் எதையும் வைத்துச் சுரண்டாதீர்கள், தகட்டுக்குப் பின்னால்தான் கேஸ் குழாய் போகிறது. உருகியபின் ஃபில்டரைக் கழுவி மாட்டி, விசிறி வேகத்தைக் கூட்டி ஓட்டுங்கள். பனி திரும்பவில்லை என்றால் காற்றோட்டக் குறைதான், தீர்ந்தது. திரும்பினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பனியோடு மாதக்கணக்கில் ஓட்டினால் கம்ப்ரஸரையே காவு வாங்கும்.

## தண்ணீர் சொட்டுகிறது

எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

யூனிட்டின் கீழிருந்து என்றால் வடிகால் அடைப்பு. வடிகால் குழாய் முடியும் இடத்துக்குப் போங்கள். பெரும்பாலும் குளியலறைத் தரை அல்லது பின்கட்டு. ஏர்கான் அரைமணி நேரம் ஓடியபின் அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு வராமல் இருக்கவே முடியாது. வரவில்லை என்றால் நடுவில் அடைத்திருக்கிறது. ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் இருந்தால் குழாய் முனையில் வைத்து, சுற்றித் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இழுங்கள். ஜெல்லி மாதிரி ஒரு வழுவழுப்பான கட்டி "ப்ளக்" என்று வெளியே வரும். அதைப் பார்த்தபின் யாரும் சர்வீஸைத் தள்ளிப்போட மாட்டார்கள். ஒருமுறை அந்தக் கட்டியோடு நான்கு பல்லி முட்டை வந்தது, வீட்டுக்காரம்மா அலறிய அலறலில் எதிர்வீட்டார் கதவைத் திறந்தார்கள்.

டிரங்கிங்கிலிருந்து, நடுச்சுவரில் என்றால் குழாயைச் சுற்றியிருக்கும் ஸ்பஞ்சு உறை நைந்துவிட்டது. இது சொந்தமாகச் சரிசெய்யும் வேலை இல்லை. பொய்க்கூரைக்குள் போகும் குழாய் என்றால் கூரையை வெட்ட வேண்டிவரும், செலவு அதிகம். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

சர்வீஸ் செய்து இரண்டு நாளில் என்றால் தண்ணீர் பிடிக்கும் தட்டைச் சரியாக மாட்டவில்லை. அதே ஆளையே கூப்பிடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

சொட்டும் இடத்துக்குக் கீழே பிளக் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்பு ஐசொலேட்டரை அணையுங்கள்.

## விளக்கு மினுக்குகிறது, தானாக நிற்கிறது

ஐசொலேட்டரை அணைத்து 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். மினுக்கல் போய்விட்டால் இடி மின்னலில் குழம்பியிருக்கலாம், விட்டுவிடுங்கள். திரும்பினால் பிழை எண்ணை எடுங்கள். சில ரிமோட்டுகளில் ஒரு பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணுமாகத் திரையில் வரும். எந்தப் பொத்தான் என்று கையேட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள். என்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்து வருவோம், இரண்டாவது முறை வந்து போகும் கட்டணம் மிச்சம்.

வெளியூனிட் மின்பலகையில் நான் அதிகம் பார்த்த எதிரி பல்லி. கதகதப்பைத் தேடி உள்ளே போகும், இரண்டு முனையைத் தொட்டதும் தானும் போகும், பலகையையும் கொண்டுபோகும். பொங்கோலில் ஒரு யூனிட்டைத் திறந்தபோது அப்பளம் மாதிரிக் காய்ந்து ஒட்டியிருந்தது. பலகை மாற்ற அவருக்குச் சில நூறு வெள்ளி ஆனது.

## சுவிட்ச் விழுகிறது

விழுந்தது எது? ஏர்கானுக்கு உரிய சின்ன சுவிட்சா, வீடு முழுவதும் இருட்டாகும் பெரியதா? பெரியது என்றால் மின்சாரம் எங்கோ கசிகிறது என்று பொருள். அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்தது, உயிரைக் காப்பதற்காக. எல்லா ஏர்கான் ஐசொலேட்டரையும் அணைத்துவிட்டுப் பெரியதைத் தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போடும்போது விழுகிறதோ அதை அணைத்தே வையுங்கள். ஏர்கான் எல்லாம் அணைந்தும் விழுந்தால் கோளாறு வேறு சாமானில்.

ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் விழுந்தால் விட்டுவிடுங்கள். கருகல் வாசனை வந்தால் முதல் முறையே வேண்டாம். இதற்கு ஏர்கான்காரன் வேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். பேரைக் கேட்டு, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

## நாற்றம்

போட்டவுடன் ஊறிய காலுறை வாசனை வந்தால் பூஞ்சை. அணைக்கும் முன்பு அரைமணி நேரம் விசிறி மோடில் ஓட்டித் தகட்டைக் காயவிடுங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் சர்வீஸ். சாக்கடை வாசனை என்றால் ஏர்கானைக் குற்றம் சொல்ல முடியாது, வடிகால் குழாய் முனை குளியலறைச் சாக்கடை வாய்க்குள் செருகியிருக்கும். வெளியே இழுத்துவிட்டால் போதும்.

## மழைக்காலம், ஏர்கானே போடவில்லை, ஆனாலும் பில் ஏறுகிறது

டிசம்பர், ஜனவரியில் அடைமழை பிடித்துக்கொண்டால் 22, 23 டிகிரிக்கு இறங்கும். ஏர்கான் ஓய்வெடுக்கும், ஹீட்டர் கிளம்பும். இது என் தொழில் இல்லை, ஆனால் ஏர்கானைப் பார்க்கப் போன வீட்டில் ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு மதியம் மூன்று மணிக்கு எரிவதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

உடனடி ஹீட்டர் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், ஆனால் குளிக்கும் நேரம் மட்டும்தான். பத்து நிமிடக் குளியல் ஏறக்குறைய அரை யூனிட். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 20 நிமிடம் நின்றால் நாளைக்கு 4 யூனிட், அதாவது ஒரு படுக்கையறை ஏர்கான் அளவு. சோதனை சுலபம்: சுடுதண்ணீர் அளவைக் குறைத்து, நேரத்தையும் குறைத்து ஒரு வாரம் பாருங்கள்.

தொட்டி ஹீட்டர் என்றால் சுவிட்சைப் பாருங்கள். நாளெல்லாம் போட்டே வைத்தால், ஒருவரும் குளிக்காமலேயே தொட்டி ஆறுவதும் மறுபடி சூடாவதுமாகத் தினம் ஒரு யூனிட் அளவுக்குப் போகும். குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். இப்படிச் செய்தும் முன்பைவிட நீண்ட நேரம் ஆகிறது என்றால் சூடேற்றும் கம்பியோ தெர்மோஸ்டாட்டோ பழுது. சுவிட்சை அணைத்தும் தொட்டி சீக்கிரம் ஆறுகிறது என்றால் சுடுதண்ணீர்க் குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் சுற்றுகிறதா பாருங்கள்.

தொட்டியின் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் விடாமல் சொட்டினாலோ, ஆவி வந்தாலோ, உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்டாலோ சோதனை எதுவும் வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டு, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் சொட்டுவது பிடிக்காமல் அந்த வால்வின் வாயில் மரக்குச்சியைச் செருகி டேப் சுற்றி வைத்திருந்தார். "அங்கிள், இது சொட்டணும்னுதான் வச்சிருக்காங்க, அடைச்சா தொட்டியே வெடிச்சிரும்" என்றேன். அவர் குச்சியைப் பிடுங்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்து, முதலில் சுவிட்சை அணைத்து, தொட்டி ஆறும் வரை இரண்டு பேரும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம்.